தபால் கேட் வரைக்கும் வரும்: அடுக்ககத்தில் கடிதம் வீடு சேரும் கதை

சென்னையில் இருபது முப்பது வருடத்துக்கு முன் கட்டிய அடுக்ககம் எதற்குள் நுழைந்தாலும், கார் நிறுத்தும் தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, மின் மீட்டர்கள் மாட்டிய சுவருக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி வரிசை இருக்கும். ஜி1, ஜி2, எஃப்1, எஃப்2, எஸ்1, எஸ்2 என்று பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். பாதிப் பெட்டிகளுக்குப் பூட்டு கிடையாது. ஒன்றுக்குக் கதவே கிடையாது. ஒன்றில் பீட்சாக் கடைத் துண்டுச்சீட்டுகள் அடைந்து கிடக்கும். இன்னொன்றில், இரண்டு குடித்தனத்துக்கு முன்னால் அங்கே இருந்தவருக்கு வந்த எல்ஐசி பிரீமிய அறிவிப்பு மூன்று வருடத் தூசியோடு காத்திருக்கும்.

சாதாரணக் கடிதத்தைப் பொறுத்தவரை தபால் துறையின் கணக்கில் உங்கள் வீட்டு வாசல் அந்தப் பெட்டிதான். மாவிலைத் தோரணம் கட்டி, கோல ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கும் மூன்றாம் மாடிக் கதவுக்கும் அந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை.

தனி வீட்டிலிருந்து ஃபிளாட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். "இங்க போஸ்ட்மேன் மேலயே வர்றதில்ல" என்று குறைபட்டுக்கொள்வார்கள். எந்தத் தபாலுக்கு அவர் மேலே ஏறி வர வேண்டும், எதற்கு வர வேண்டாம், கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் காணாமல் போனால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் தெரிந்துவிட்டால் அந்தக் குறையில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி நியாயமான குறைதான். அதையும் சொல்கிறேன்.

பின்கோடு எதுவரை கூட்டிவரும்

உறையின் மேல் எழுதுகிற ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்துக் கொடுத்த முறை அது. அவர் சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள், பிரிப்பவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் என்று திண்டாடிக்கொண்டிருந்த துறைக்கு அது பெரிய விடுதலை.

600020 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் 6, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கமான 600, சென்னை. கடைசி மூன்று இலக்கமான 020, அடையாறு அஞ்சல் நிலையம். இதே கணக்கில் 004 மயிலாப்பூர், 017 தியாகராய நகர், 040 அண்ணா நகர். கடைசி மூன்று இலக்கம் உங்கள் தெருவையோ கட்டடத்தையோ குறிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். தபாலை விநியோகிக்கும் அலுவலகத்தை மட்டும்தான் அது சொல்கிறது. ஊர் ஊராகப் பிரித்து, மூட்டை கட்டி, வண்டி ஏற்றி, உங்கள் கடிதத்தை அந்த அலுவலக மேஜையில் கொண்டு சேர்ப்பதோடு பின்கோடின் வேலை முடிந்தது.

அங்கிருந்து வேலை மனிதரிடம் வருகிறது. ஒவ்வொரு விநியோக அலுவலகமும் தன் எல்லையைப் 'பீட்'களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பீட்டுக்கு ஒரு தபால்காரர். காலையில் வந்த தபால்கள் முதலில் பீட் வாரியாகப் பிரியும். அப்புறம் ஒவ்வொரு தபால்காரரும் தன் கட்டை எடுத்து, தான் போகிற வழியின் வரிசைப்படி அடுக்கிக்கொள்வார். எந்தத் தெரு முதலில், அதில் இடது பக்கம் போய் வலது பக்கம் திரும்புவதா, எந்தச் சந்துக்குள் வண்டி போகாது என்பதெல்லாம் அந்த அடுக்கில் இருக்கும். வெளியில் கிளம்பிய பிறகு தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

பழைய பீட் தபால்காரர்களுக்கு முகவரியே வேண்டாம் என்பார்கள். பெயரைப் பார்த்தே, "ஓ, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனாரே, அவர் பொண்ணு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஞாபகம் தனி வீடுகளுக்குப் பழகிய ஞாபகம். ஐந்து பேர் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு எட்டு ஃபிளாட் கட்டுகிறார்கள். கதவெண் அதே ஒன்றுதான். அதன் பின்னால் இப்போது முப்பது பெயர்கள். அதிலும் பாதிப்பேர் வாடகைக்கு வந்தவர்கள், பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் மாறிவிடுவார்கள். எந்த ஞாபகம் இதற்கு ஈடுகொடுக்கும்?

எஸ்2 என்றால் என்ன

சென்னை ஃபிளாட் எண்களுக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. ஜி என்றால் கிரவுண்ட் ஃப்ளோர், எஃப் என்றால் ஃபர்ஸ்ட், எஸ் என்றால் செகண்ட், டி என்றால் தேர்ட். எஸ்2 என்றால் இரண்டாம் தளத்தில் இரண்டாவது ஃபிளாட். கிரவுண்டோடு சேர்த்து நான்கு தளம் வரையிலான கட்டடங்களுக்குப் போதுமான ஏற்பாடு. அதற்கு மேல் ஃபோர்த் ஃப்ளோர் வந்தால் ஃபோர்த்துக்கும் எஃப், ஃபர்ஸ்டுக்கும் எஃப். அங்கே ஒவ்வொரு பில்டரும் தன் புத்திக்கு எட்டியபடி சமாளித்திருப்பார். பெரிய வளாகங்களில் 1204 போல எண் இருக்கும். பன்னிரண்டாம் தளம், நான்காவது வீடு. அதற்கு முன்னால் டவர் பெயர் வேண்டும். டவர் பெயர் விட்டுப்போனால் அந்த வளாகத்தில் ஆறு 1204 இருக்கலாம்.

இதற்கு மேல் பழைய எண், புதிய எண் விவகாரம் வேறு. மாநகராட்சி கதவெண்களை மாற்றியபோது மக்கள் பழையதை விடவில்லை. இன்றைக்கும் சென்னை முகவரியில் 'பழைய எண் 14, புதிய எண் 27' என்று இரண்டும் வாழ்கின்றன. ஒரு எண்ணை மட்டும் எழுதினால், அதே தெருவில் இன்னொரு கட்டடத்தின் பழைய எண் அதுவாக இருக்கும் வாய்ப்பு நிஜமாகவே உண்டு. கட்டடத்தின் பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஒரே பில்டர் ஒரே பேட்டையில் நாலு கட்டடத்துக்கு ஒரே குடும்பப் பெயரை வைத்து, பின்னால் ஒன்று, இரண்டு என்று போட்டிருப்பார்.

எனவே ஃபிளாட் எண், பிளாக் அல்லது டவர், கட்டடப் பெயர், இரண்டு கதவெண்ணும், தெரு, பேட்டை, பின்கோடு என்று முழுதாக எழுதுவதுதான் சரி. ஃபிளாட் எண்ணை முதலில் எழுதுங்கள். இணையப் படிவங்களில் 'முகவரி வரி 2' என்ற கட்டத்தில் ஃபிளாட் எண்ணை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். லேபிள் அச்சாகும்போது அந்த வரி சிறிய எழுத்தில் ஓரத்துக்குப் போய்விடும், சில சமயம் வெட்டுப்பட்டும் போகும்.

2025-இல் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கக் குறியீடு கொடுக்கும் திட்டம். ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்க உதவின. கிராமத்துத் தோட்டத்து வீட்டுக்கும், தெருப் பெயரே இல்லாத புதுக் குடியிருப்புக்கும் இது வரப்பிரசாதம். அடுக்ககத்துக்கு? அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து எழுந்த குறியீடு அது, உயரம் அதில் இல்லை. ஜி1-க்கும் அதன் தலைக்கு மேலே நேராக இருக்கும் பன்னிரண்டாம் மாடி வீட்டுக்கும் ஒரே டிஜிபின்தான். செயற்கைக்கோள் கேட் வரை வந்துவிடும். அதற்கு மேல் பழையபடி ஃபிளாட் எண்தான் துணை.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். 1995 முதல் அங்கே ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி. வீவக எனப்படும் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்ககம் ஒவ்வொன்றின் கீழ்த்தளத்திலும் கடிதப் பெட்டிகள் சுவர்போல் வரிசையாக நிற்கும். தபால்காரர் தன்னிடமுள்ள சாவியால் முன்பக்கத்தை மொத்தமாகத் திறந்து, எல்லா வீட்டுப் பெட்டிகளிலும் தபாலைப் போட்டுவிட்டு மூடிவிடுவார். குடியிருப்பவர் தன் சாவியால் தன் கதவை மட்டும் திறப்பார். கட்டடம் கட்டும்போதே பெட்டியையும் சேர்த்துத் திட்டமிட்டால் இது நடக்கும். நம் ஊரில் பெட்டி என்பது பெரும்பாலும் வீட்டைக் கையில் கொடுத்தபின், அசோசியேஷன் முதல் கூட்டத்தில், தீயணைப்புக் குப்பிக்கும் வாட்ச்மேன் நாற்காலிக்கும் நடுவில் நினைவுக்கு வரும் சங்கதி.

கையெழுத்து கேட்கும் தபால், கேட்காத தபால்

இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

சாதாரணத் தபாலுக்குக் கணக்கு கிடையாது. அஞ்சலட்டை, இன்லேண்ட், ஸ்டாம்ப் ஒட்டிய சாதாரண உறை, சந்தா கட்டி வரவழைக்கும் பத்திரிகைகள் எல்லாம் இந்த வகை. யாரிடம் கொடுத்தோம் என்று தபால்காரர் எங்கும் பதிவு செய்வதில்லை. பல மாடிக் கட்டடங்களில் குடியிருப்பவர்கள் கீழ்த்தளத்தில் பெட்டி வைக்க வேண்டும், சாதாரணத் தபால் அதில் போடப்படும் என்பதுதான் அஞ்சல் துறையின் நெடுநாள் ஏற்பாடு. ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிய கடிதத்துக்காக ஒருவர் தினமும் நூறு வீட்டுக்கு மாடியேற வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை.

இதில் அதிகம் அடிபடுவது சிற்றிதழ்கள். பத்திரிகைகளுக்கான சலுகைக் கட்டணத்தில் வருவதால் அதற்குத் தடம் பார்க்கும் எண் கிடையாது. பெட்டியில் நுழையாத அளவு பெரிதாக இருந்தால் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுப் போவார்கள். அங்கிருந்து அது வாட்ச்மேன் மேஜைக்குப் போகும். அங்கே டீ டம்ளருக்கு அடியில் கொஞ்ச நாள் இருக்கும். நான் சந்தா கட்டும் ஒரு மாத இதழில் வருடத்துக்கு இரண்டு இதழ்கள் இப்படித்தான் கரைந்துபோகின்றன. ஆசிரியருக்கு எழுதினால் பாவம், மறுபடி அனுப்பி வைக்கிறார். அதற்காகவே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கணக்குள்ள தபால் வேறு ரகம். ஸ்பீட் போஸ்ட், பார்சல், மணியார்டர் போன்றவை. இவற்றுக்கு எண் உண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பதிவு உண்டு, முடிவில் ஆள் உண்டு. ஸ்பீட் போஸ்ட் ரசீதில் எழுத்தும் எண்ணுமாகப் பதின்மூன்று இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் 'ஐஎன்' என்று இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அதை வைத்து உறை இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். தபால்காரர் கையில் இப்போது செல்போன் செயலி இருக்கிறது. உங்கள் கையெழுத்தை அதன் திரையிலேயே வாங்கிக்கொள்வார். விரலால் போட்ட அந்தக் கையெழுத்து யாருடையது போலவும் இருக்காது என்பது வேறு விஷயம்.

பதிவுத் தபால் என்று ஒன்று தனியாக இருந்ததே என்று கேட்பீர்கள். 2025-இல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். பதிவுத் தபாலின் சிறப்பு, உறையில் பெயர் உள்ளவரிடம் அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரிடம் மட்டுமே கொடுப்பது. சாதாரண ஸ்பீட் போஸ்ட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அந்த முகவரியில் இருப்பவர் யாராவது வாங்கலாம். இப்போது பழைய வசதி வேண்டுமானால் ஸ்பீட் போஸ்ட்டோடு 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கூடுதலாக 5 ரூபாயும் வரியும். அதே அளவு கட்டணத்தில் ஓடிபி சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் வந்திருக்கிறது. அடுக்ககத்தில் இருக்கும் ஒருவருக்கு முக்கியமான காகிதம் அனுப்புகிறீர்கள் என்றால் அந்த ஐந்து ரூபாயைப் பார்க்காதீர்கள். இல்லாவிட்டால் 'முகவரியில் இருப்பவர் யாராவது' என்ற சொற்களுக்குள் கேட்டில் உட்கார்ந்திருப்பவர் புகுந்துவிடுவார்.

கணக்குள்ள தபாலோடு வரும்போது ஆள் இல்லை என்றால் தபால்காரர் ஒரு அறிவிப்புச் சீட்டு விட்டுவிட்டுப் போவார், அல்லது செல்போன் எண் உறையில் இருந்தால் கூப்பிடுவார். உறை தபால் நிலையத்தில் பொதுவாக ஏழு நாள் இருக்கும். அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம். போகாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். உறை மேல் காரணம் எழுதியிருப்பார்கள்: 'டோர் லாக்டு', 'நோ சச் பெர்சன்', 'ரெஃப்யூஸ்டு', 'லெஃப்ட்'. கடைசியில் சொன்னது இடது பக்கம் இல்லை, வீடு மாறிப் போய்விட்டார் என்று அர்த்தம். அனுப்பியவர் முகவரியும் இல்லாத உறை, திரும்பிய கடிதங்களுக்கென்றே உள்ள அலுவலகத்துக்குப் போகும். அங்கே அதிகாரம் பெற்ற ஊழியர் அதைப் பிரித்து, உள்ளே ஏதாவது முகவரி இருக்கிறதா என்று பார்ப்பார். முன்பு அந்த அலுவலகத்துக்குச் 'செத்த கடித ஆபீஸ்' என்றே பெயர்.

கேட்டில் இருக்கும் இரண்டாவது தபால் நிலையம்

பெரிய வளாகங்களில் தபால் துறையின் வேலை கேட்டில் முடிகிறது. அங்கே இன்னொரு தபால் நிலையம் தொடங்குகிறது. அதற்குச் சட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை, சம்பளமும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் ஆயிரம் வீடுகள் உள்ள வளாகத்தை நினைத்துப் பாருங்கள். தபால்காரர் கட்டைக் கொண்டுவந்து கேட்டில் வைக்கிறார். செக்யூரிட்டி அதை டவர் வாரியாகப் பிரிக்க வேண்டும், டவர் காவலாளி வீடு வாரியாகப் பிரிக்க வேண்டும். காலை வெளியே போகும் கார்கள், பள்ளி வேன்கள், தண்ணீர் லாரி, சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் எல்லோருக்கும் நடுவில் இது நடக்க வேண்டும். காவலாளிகளில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். தமிழில் எழுதிய முகவரியை அவர்கள் படிக்க முடியாது. அந்தக் கடிதம் நம்மூர்க்காரர் ஷிஃப்டுக்கு வரும் வரை காத்திருக்கும். படிக்க முடியாத காவலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரிய மொழியில் முகவரி எழுதிய கட்டை என் கையில் கொடுத்தால் நான் என்ன செய்வேன்?

மைகேட், நோபுரோக்கர்ஹுட் போன்ற செயலிகள் வந்தபின் பார்சல்களுக்கு ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. யார் வந்திருக்கிறார், உள்ளே விடவா, கேட்டில் வைக்கவா என்று செல்போனில் கேட்கும். கூரியரும் இணையக் கடைகளும் அதற்குப் பழகிவிட்டார்கள். அவர்கள் தனியார், அவரவர் விதி அவரவருக்கு. கேட்டில் வைத்துவிட்டு 'டெலிவர்டு' என்று போட்டுவிடுவதும் உண்டு. தபால்காரருக்கு இந்தச் செயலி ஒரு தொல்லைதான். ஒரே வளாகத்தில் நாற்பது வீட்டுக்குக் கையெழுத்துத் தபால் இருக்கும் நாளில், ஒவ்வொரு வீட்டுக்கும் அனுமதி கேட்டு நிற்க அவருக்கு நேரம் கிடையாது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வங்கியிலிருந்து காசோலைப் புத்தகம் வர வேண்டியிருந்தது. வரவில்லை. கேட்டபோது, 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க நான் காய்ச்சலோடு வீட்டில்தான் கிடந்தேன். கோபத்தோடு துருவிப் பார்த்தால் கதை இப்படி: தபால்காரர் வந்திருக்கிறார். கேட்டில் இருந்தவர் இன்டர்காமில் டி 402-க்குப் பதில் பி 402-ஐக் கூப்பிட்டிருக்கிறார். டி-யும் பி-யும் காதுக்கு ஒன்றுபோலத்தானே. பி 402 வேலைக்குப் போயிருந்தார். ஆள் இல்லை. தபால்காரர் சீட்டை எழுதி, ஒழுங்காக, என் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் அந்தப் பெட்டியைத் திறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சாவி எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. பூட்டை உடைத்துத் திறந்தபோது சீட்டு மேலாக இருந்தது, அதற்கடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தம் முடிந்து ஆறு வாரம்.

வாங்காவிட்டால் வராததாகுமா

வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தெரிந்தால், 'ஆள் இல்லைன்னு சொல்லிடு' என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கேட் இருப்பது இதற்கு வசதி என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை.

1897-ஆம் வருடத்திய பொது விதிகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினால், வழக்கமான தபால் போக்கில் அது போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தில் 'சார்வு' ஆகிவிட்டதாகவே, அதாவது உரியவரிடம் சேர்ப்பித்துவிட்டதாகவே, கொள்ளச் சொல்கிறது. காசோலை திரும்பிய வழக்குகளில் அனுப்பும் அறிவிப்பு பற்றி 2007-இல் உச்ச நீதிமன்றம், அலவி ஹாஜி வழக்கில், இதை விளக்கியது. உறை 'வாங்க மறுத்தார்', 'வீட்டில் இல்லை', 'வீடு பூட்டியிருந்தது' என்று திரும்பினாலும் சார்வு ஆனதாக அனுமானிக்கலாம். இல்லை, எனக்கு வரவே இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பெறுநர் தலையில். உண்மையிலேயே அறிவிப்பு கிடைக்காதவர் என்ன செய்யலாம் என்பதற்கும் நீதிமன்றம் வழி சொன்னது: நீதிமன்றச் சம்மன் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் காசோலைத் தொகையைச் செலுத்திவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

அடுக்ககவாசிக்கு இதில் உள்ள சங்கடம் புரிகிறதா? நீங்கள் மறுக்கவே இல்லை. கேட்டில் யாரோ தவறான இன்டர்காமை அழுத்தினார், உறை திரும்பிவிட்டது. ஆனாலும் உறைமேல் எழுதியிருப்பது 'டோர் லாக்டு' என்றுதான். காகிதத்தில் இருப்பது உங்கள் கதவு. நடந்ததைச் சொல்லி நிரூபிக்க வேண்டியது நீங்கள். அசோசியேஷன் கூட்டத்தில் வாகன நிறுத்தத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவர்கள் தபாலுக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெட்டியைச் சரிசெய்வது

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பெட்டியில் ஃபிளாட் எண் மட்டும் போதாது, குடியிருப்பவர் பெயரும் வேண்டும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள். சென்னையில் திரும்பிப்போகும் கடிதங்களில் கணிசமானவை, பெட்டியில் இருக்கும் வீட்டுக்காரர் பெயரும் உறையில் இருக்கும் குடித்தனக்காரர் பெயரும் பொருந்தாமல் போவதால் வருபவை என்று ஒரு தபால்காரர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். வீட்டில் வேறு வேறு இனிஷியல் உள்ளவர்கள் இருந்தால் எல்லாப் பெயரும் இருக்கட்டும். மாமியார் பெயருக்கு வரும் ஓய்வூதியக் கடிதத்துக்கும் அதுதான் வாசல்.

வாய் அகலமாக, ஏ4 உறை மடங்காமல் நுழையும் அளவுக்குப் பெட்டி இருப்பது நல்லது. மழைச் சாரல் அடிக்காத, வெளிச்சமுள்ள இடத்தில், கேட்டைத் தாண்டியதும் கைக்கு எட்டும்படி மாட்ட வேண்டும். ஸ்டில்ட் பார்க்கிங்கின் கடைக்கோடியில் மாட்டிவிட்டு அதன் முன்னால் இரண்டு பைக்கை நிறுத்தினால் யார் போடுவார்? சாவியைத் தொலைக்காதீர்கள், வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். இதை யார் சொல்கிறான் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

பகலில் வீட்டில் யாரும் இல்லாதவர்கள், பக்கத்து வீட்டு மாமியிடமோ உறவினரிடமோ கையெழுத்துத் தபாலைக் கொடுக்கச் சொல்லி எழுத்தில் அதிகாரம் கொடுத்து, தபால் நிலையத்தில் சேர்த்துவிடலாம். வீடு மாறும்போது புது முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லியும் பழைய முகவரியின் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். கேஸ், வங்கி, செல்போன் எல்லாவற்றிலும் முகவரி மாற்றுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

முன்பு குடியிருந்தவருக்கு வரும் தபால் உங்கள் பெட்டியில் விழுந்தால் குப்பையில் போடாதீர்கள். பிரிக்கவும் கூடாது. உறைமேல் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதி, தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் பெட்டியில் விழும் எல்ஐசி அறிவிப்பை நான் மூன்று முறை இப்படித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான்காவதும் வந்திருக்கிறது. பாலிசிதாரர் முகவரியை மாற்றும் வரை வந்துகொண்டேதான் இருக்கும்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கடையில் வாங்கிய வெள்ளைப் பெயின்ட்டும் ஒரு மெல்லிய பிரஷும் வைத்துக்கொண்டு, டி பிளாக்கின் பெட்டிகளில் பெயர் எழுத உட்கார்ந்தேன். எட்டில் ஐந்து பேர்தான் தங்கள் பெயரைச் சொன்னார்கள். இரண்டு வீட்டில் பெயர் எழுதுவது பாதுகாப்பில்லை என்றார்கள், ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. திங்கட்கிழமை தபால்காரர் வந்து பெட்டி வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சார், இதுல 303 யாரு? எழுதலையே" என்றார். 303-தான் கதவு திறக்காத வீடு. அவர் கையில் அந்த வீட்டுக்கு இரண்டு உறைகள் இருந்தன.